செங்கோட்டையன் சாரின் இரங்கல் கூட்டங்கள்

ஐயா, சிவப்பு மையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். இருபத்தொன்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் வீட்டில் வேறு மை தேடினால் கிடைக்காது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதத்தில், நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருந்தீர்கள். அப்படியே எழுதுகிறேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் அப்புசாமி சாரைத்தான் கொன்றேன். திட்டம் போட்டுச் செய்ததல்ல. 1979, ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை. அடுத்த பீரியட் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு முதலாம் பானிபட் போர் நடத்த வேண்டும். அந்தப் போரை நான் ஏற்கெனவே இருபத்தைந்து முறை நடத்தி முடித்திருந்தேன். இருபத்தைந்து முறையும் பாபர்தான் ஜெயித்தார்.

ஆரம்பத்தில் நான் இப்படி இல்லை. 1954-இல் ஆட்டையாம்பட்டிப் பக்கத்து இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், மைதானத்தில் செம்மண் கொட்டிப் போர்க்களம் அமைத்துப் பாடம் நடத்தியவன். பையன்களையே யானைகளாக ஓட விட்டிருக்கிறேன். ராசப்பன் என்று ஒரு பையன், பாபர் சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கினார் என்று 1957-இல் பரீட்சையில் எழுதினான். சின்னப் பிள்ளை, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன். 1979-இல் அவன் மகன் அதே பாபரை அதே ஜங்ஷனில் இறக்கினான். அந்தத் தாளைத் திருத்திய அன்றோடு எனக்குள் ஏதோ ஓய்ந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் "நீங்க நடத்துனது மனசுல நின்னுச்சுங்க சார்" என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், என்னிடம் சொன்னதில்லை. அதற்காக ஏங்கினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்குள் ஒரு நல்ல வார்த்தை காதில் விழாதா என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை ஆசிரியர் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமை ஆசிரியர் காளியண்ணன் சார் வந்து, "ஏனுங்க சார், ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்று கேட்டார். பானிபட் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"நம்ம அப்புசாமி சார் காலமாயிட்டாருங்க" என்றேன்.

அப்புசாமி சார் எங்கள் பழைய தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்று ஆத்தூரில் மகனோடு இருந்தார். என் தங்கையும் ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பக்கத்துச் சாவெல்லாம் என் வழியாகத்தான் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பியூன் சின்னான் நீள மணி அடித்தான். பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள்.

பேசினேன் ஐயா. ஒன்பது பி அசையாமல் கேட்டது. சுண்டலைப் பிடுங்கிக்கொள்ளவில்லை, முன்னால் நின்றவன் முதுகில் எழுதவில்லை. அப்புசாமி சாரைக் கண்ணால் பார்த்திராத ஆறாம் வகுப்புப் பாப்பாயி தேம்பித் தேம்பி அழுதாள். கால் நூற்றாண்டில் முதல்முறையாக நான் சொன்னது ஒரு பிள்ளைக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. துக்கம் தாங்கவில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கு விடுமுறை விட்டு, "பள்ளி சார்பா நீங்களே போயிட்டு வந்துருங்க சார்" என்று ரோஜா மாலையை என் கையில் கொடுத்து அனுப்பினார் காளியண்ணன் சார். ஆத்தூர் போகாமல் பாதி வழியில் வாழப்பாடியிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கினேன். மாலையை டிரைவரிடம் கொடுத்தேன். அவர் அதை முருகன் படத்துக்குப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு புளியமரத்தடியில் சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன். அடுத்த ஒரு மாதம் வகுப்பெடுக்கத் தெம்பாக இருந்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கோடு செய்தேன். வருஷத்துக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். ஓய்வு பெற்றவர்களை மட்டுமே தொட்டேன். பரீட்சை நேரத்தில் ஒருவரையும் கொன்றதில்லை. வெள்ளிக்கிழமையும் கூடாது, மறுநாள் எப்படியும் விடுமுறை என்பதால் ஒரு சாவு வீணாகிவிடும். ஓவிய ஆசிரியர் சென்னிமலைக்குச் சர்க்கரை வியாதி கொடுத்தேன். எனக்கு அவரைப் பிடிக்காது. தையல் டீச்சர் கந்தம்மாளைத் தூக்கத்திலேயே போக விட்டேன். அந்த அம்மாள் முன்பு என் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்தவர். நான்கு வருஷத்தில் மொத்தம் ஐந்து பேர். உங்கள் கடிதத்தில் மூன்று என்று இருக்கிறது, திருத்திக்கொள்ளவும்.

கந்தம்மாள் டீச்சர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சங்கடம். அவரை நான் கொன்றது 1981-இல். மறு வருஷம் அவர் நிஜமாகவே இறந்துபோனார். மகன் கொடுத்த தந்தி பள்ளிக்கு வந்தது. வாங்கிய சின்னான் அதை என்னிடம் படிக்கக் கொடுத்தான். சொன்னேன்.

"அவீகளுக்குப் போன வருசமே மணி அடிச்சாச்சுங்களே" என்றான்.

"ஆமா சின்னான். தந்தி தாமதமா வந்திருக்குது" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மணி அடிக்கவில்லை. மாலை போகவில்லை. வாழப்பாடியில் அந்த அம்மாளின் வாசலில் எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரும் போய் நிற்கவில்லை. அன்றைக்கு ஐந்தாவது பீரியடில் வழக்கம்போலப் பாபர் ஜெயித்தார். ஆனாலும் டீச்சருக்குச் சேர வேண்டிய புகழுரையை நான் முன்கூட்டியே சேர்த்துவிட்டேன் என்பதை விசாரணையில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்புசாமி சார் என் வீட்டுக்கு வந்தார். ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். பந்தியில் பரிமாறிய பழைய மாணவன் அவரைப் பார்த்ததும் சாம்பார் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். விஷயத்தை விசாரித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "ஏப்பா செங்கோட்டையா, நான் எப்படிச் செத்தேன்?" என்று கேட்டார்.

"நெஞ்சு வலிங்க சார்."

"ரொம்பக் கஷ்டப்பட்டனா?"

"இல்லீங்க. அஞ்சு நிமிசந்தானுங்க."

தலையாட்டினார். "கூட்டத்துல என்ன பேசின?"

சொன்னேன். பிரம்பைத் தொடாமல் பள்ளியை நடத்தியவர் என்று பேசியதை, அவர் நடந்து வந்தால் புழுதிகூட ஒழுங்காக அடங்கும் என்று பேசியதை, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

இரண்டாவது முறையும் சொன்னேன். "முப்பத்தாறு வருஷம் உழைச்சேம்ப்பா. போகும்போது ஒரு குடை குடுத்தாங்க. அதுவும் விரியல" என்றார். கோபமே இல்லை. பஸ் ஏறும்போது பத்து வயது குறைந்தவராக இருந்தார். என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு நாள்கூட வகுப்பெடுக்க முடியாது என்று தோன்றியது. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலையில் சேலம் போய், நான் பஸ்ஸில் மாரடைப்பால் இறந்துவிட்டதாகப் பள்ளிக்குத் தந்தி கொடுத்தேன். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன்.

மணி அடித்தது. மௌனம் முடிந்தது. "யாராச்சும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் காளியண்ணன் சார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எப்போதும் பேசுகிறவன் நான்தானே.

கடைசியில் டிரில் மாஸ்டர் வெள்ளியங்கிரியைத் தள்ளிவிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "செங்கோட்டையன் சார் நல்ல மனுசனுங்க" என்றார். வெகுநேரம் யோசித்தார். "சைக்கிள நேரா நிறுத்துவாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கணக்கு டீச்சர் சாரதாமணி அழுதுகொண்டே ஏறி, என் கையெழுத்து புரியாது என்றார்.

அவ்வளவுதான் ஐயா. இருபத்தொன்பது வருஷத்துக்கு ஒரு சைக்கிளும் ஒரு கையெழுத்தும். பிள்ளைகள் விடுமுறை எப்போது என்று கால் மாற்றி நின்றார்கள். பாப்பாயிகூடக் கொட்டாவி விட்டாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. தந்தியில் எழுதியது நிஜமாகிவிடுமோ என்றுகூடப் பயந்தேன். துண்டை அவிழ்த்துவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து போய் மைக்கை வாங்கினேன்.

சின்னான் அலறிக்கொண்டு மணியடிக்க ஓடினான். நான் பேச ஆரம்பித்தேன். செம்மண் போர்க்களத்தைச் சொன்னேன், யானைகளைச் சொன்னேன், செங்கோட்டையன் சார் எப்பேர்ப்பட்ட ஆசிரியர் என்று சொன்னேன். ஓடப் பார்த்த பிள்ளைகள் நின்றார்கள். நின்றவர்கள் கேட்டார்கள். பாப்பாயி அழ ஆரம்பித்தாள். நடுவில் செய்தி எட்டி என் மனைவி முத்தாயம்மாள் காட்டிலிருந்து களைக்கொத்தோடு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மைக்கின் முன்னால் என்னைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

காளியண்ணன் சார் உங்களுக்கு எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. எந்தத் தண்டனைக்கும் தயார். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அந்த வியாழக்கிழமையைச் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் அன்று இறந்திருந்தாலும், பள்ளிக்கு வந்து பாடம் நடத்தியிருக்கிறேன்.