தலைப்பு மறந்தவர்களுக்காகக் கை தூக்குங்கள்

தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பொறுமை காக்கும் செயலாளர் அவர்களே, இரவல் நூலை மறந்தாலும் கூட்டத்தை மறவாத பெரியோர்களே, பிள்ளைகளின் பாடத்தையும் சேர்த்துப் படிக்கும் தாய்மார்களே, உறுப்பினர் அட்டை ஒன்றே தகுதியாக மேடையேறிய சிறியவளின் வணக்கம்.

நம் நூலக இணையதளத்துக்கு எந்தத் தேடுபொறி? வந்திருப்பவை இரண்டு. ஒன்று, தலைப்பைத் தந்தால் கண்ணிமைக்குமுன் காட்டும். தலைப்பு தெரியாவிட்டால் 'இல்லை' என்று கதவடைக்கும். மற்றது கொஞ்சம் சோம்பேறி. ஆனால் கதையைச் சொன்னால், 'இதுவா, அதுவா' என்று அருகில் வரும்.

பொறியைத் தேர்ந்தெடுக்கும் நம் நூலகக் குழுவினர் எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, அட்டையைப் பார்த்துத் தலைப்பைத் தட்டினார்கள். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைபவரைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் கையில் நெய்யோடு, 'நெய் இருக்கிறதா' என்று கேட்டார்கள். 'இருக்கிறது' என்றது முதல் பொறி. கைதட்டினார்கள்.

"சீக்கிரம் முடிம்மா, டீ ஆறுது" என்கிறார் பின்வரிசை மாமா. ஆறட்டும் மாமா. டீயைத் திரும்பச் சூடு பண்ணலாம். பாதியில் நின்ற கதையை என்ன பண்ணுவது?

என் அப்பா கப்பலில் சமையல்காரர். போகுமுன் எனக்கொரு கதை வாசித்தார். கலங்கரை விளக்கில் ஒருவன். கடிதமே வராததால் தனக்குத் தானே எழுதிக்கொள்வான். பாதியில் புத்தகம் நூலகம் திரும்பியது, அப்பா கப்பலேறினார். தலைப்பு இருவருக்குமே நினைவில்லை. தொலைபேசியில், "அந்தக் கதை என்னம்மா ஆச்சு?" என்பார். "இன்னும் கிடைக்கலப்பா" என்பேன். அடுத்த வாரமும் அதையே கேட்பார்.

குழுவினர் எழுந்துபோனதும் நான் உட்கார்ந்தேன். 'கலங்கரை விளக்கில் தனியாக இருப்பவன்' என்று தட்டினேன். முதல் பொறி, 'இல்லை.' இதற்கு மென்பொருள் எதற்கு? என் புது வகுப்பில், 'இங்கே இடம் இருக்கிறதா' என்று கேட்டாலே அந்தப் பதில் கிடைக்கும்.

இரண்டாவது யோசித்தது, யோசித்தது. மீன்பிடிப்பை நீட்டியது, மின்சாரத்தை நீட்டியது, நாய் வளர்ப்பைக்கூட நீட்டியது. அவற்றுக்குக் கீழே, அவன்.

முடிவை நான் படிக்கவில்லை. ஞாயிறன்று அப்பாவுக்கு வாசிப்பேன். அது முடிந்தால் அடுத்த கதையை அவர் கப்பலிலிருந்தே நம் இணையதளத்தில் தேடுவார். அதன் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது.

தேடல் யாருக்கு, பெரியோர்களே? கையில் வைத்திருப்பவருக்கா? கைநழுவ விட்டவருக்கா? இரண்டாவதற்குக் கை தூக்குங்கள். தூக்கும் கைகளுக்கு நன்றி. தூக்காத கைகளுக்கு ஆறிய டீயும், என் அன்பான வணக்கமும்.