ஓகே தட்டிப் பழகிய கை

சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்திலிருந்து ஒரகடம் நோக்கிச் சென்ற ஷேர் ஆட்டோவில், தொழிற்சாலைச் சீருடை அணிந்த இரு பெண்கள் என் எதிரே அமர்ந்திருந்தனர்.

“எங்க வூட்டு கம்ப்யூட்டருக்குப் பேய் புட்ச்சிகினு கீது சுமதி” என்றாள் உள்ளூர்ப் பெண்.

“பேயா? ஏட்டி, என்ன செஞ்சே அதை?” என்று வினவினாள் தெற்கத்தித் தமிழ் பேசிய தோழி.

“முருகர் படம் ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு, எறக்குனேன். அப்பாலேர்ந்து வெளம்பரமா தொறந்துகினே கீது.”

“அது கேட்டதுக்கெல்லாம் ஓகே குடுத்தியாக்கும்?”

“கம்பெனி லைன்ல நாள் பூரா பீஸ் செக் பண்ணி ஓகே பட்டன் தட்டுற கை. தானா தட்டிடுச்சு.”

“அந்தப் படத்தோட வேவு பாக்குற புரோகிராமும் ஏறியிருக்கும். நீ அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் எவனோ ஒருத்தன் வாசிச்சுக்கிட்டிருப்பான்.”

உள்ளூர்ப் பெண்ணின் முகம் வெளிறிற்று.

“மெயிலுமா?”

“மெயிலு, பாஸ்வேர்டு, எல்லாந்தான்.”

“ஐயய்யோ! எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை வேலைக்கே அனுப்ப மாட்டான். வெளியில யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே அவருக்கு மெயில்ல எழுதிகினு இருந்தேன்!”

“அவரா? எவரு?”

அவள் வாய் திறக்குமுன், ஓட்டுநர் பாட்டின் ஒலியைக் குறைத்தார். வண்டியில் எவரும் இருமக்கூட இல்லை.