பலாப்பழம் விழுந்த லேப்டாப்

மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து கீழே நாமக்கல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் மடியில் திரை உடைந்த லேப்டாப். கணவர் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"பலாப்பழம் விழுந்துச்சுன்னு சொன்னா கடைக்காரர் சிரிப்பாரு புள்ள."

"மரத்துல ஏறிக் காய் வெட்டுன நீங்க கீழ பாத்திருக்கோணுமுங்க. நல்லவேளை, நான் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருந்தேன்."

"மரத்தடியில உக்காந்தா படிப்பாங்க?"

"அங்கதானுங்க சிக்னல் கிடைக்குது."

அவர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதை வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற வாங்கிக்கலாம்" என்றார்.

"என் அசைன்மென்ட் பாதி இதுக்குள்ளதான் இருக்குது. திங்கக்கெழம அனுப்போணும்."

சொல்லிவிட்டு அவள் போனில் யாரிடமோ பேசினாள். அடிவாரம் வருவதற்குள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, திரை மட்டுந்தான் போச்சாம். ஒரு கேபிள் வாங்கி நம்ம ஊட்டு டிவியில மாட்டுனா எல்லாமே தெரியுமாம். ரிப்பேரும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்."

"அட, அவ்வளவுதானா!" அவரும் சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது. "அப்ப நான் கிரிக்கெட் பாக்கறது?"

"படிப்பு முடியட்டுமுங்க."

"எப்ப முடியும்?"

"மூணு வருசப் படிப்புங்க. இப்பத்தான் மொத வருசம்."