லாரி வந்த நாளும் வராத நாளும்

...தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தவருக்கு இப்போதுதான் நேரம் ஞாபகம் வந்திருக்கிறது. பரவாயில்லை. படிப்பகத் திறப்பு விழாவில் அஞ்சாப்பு படித்தவளைப் பேசக் கூப்பிட்டுவிட்டீர்கள். ஒரு கதை சொல்லாமல் மைக்கை விடமாட்டேன். சின்னக் கதைதான்... உள்ளங்கையில் அடங்கும்.

என் மகள் வயிற்றுப் பேத்தி சுபாஷினி. பி.ஏ. முடித்தாள். மேலே என்னடி படிக்கப் போகிறாய் என்றால், டாக்குமென்டரி படம் எடுக்கிற படிப்பாம்... முதுகலையாம்... இரண்டு வருஷமாம். அவள் அப்பா குமரேசன், என் மருமகன், தங்கமான மனுஷன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கல்யாண வீடியோ எடுக்கவா ரெண்டு வருஷம்?"

"கல்யாண வீடியோ இல்லப்பா. உள்ளத உள்ளபடி எடுக்கிறது."

"உள்ளதத்தான் தெனமும் பாக்குறோமே. அத வேற எடுத்து வச்சுப் பாக்கணுமாக்கும்?"

பெரிய யோசனைக்காரர். கடைசியில் தீர்ப்பும் சொன்னார். "ஒரே ஒரு தடவ போட்டுப் பாரு. சீட்டு கிடைக்கலன்னா பேசாம பி.எட். சேந்துடணும்."

விண்ணப்பத்தோடு அஞ்சு நிமிஷப் படம் ஒன்று அனுப்ப வேண்டும். சொந்தமாக எடுத்தது. நடிப்பு கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோடு கடைசி. எதை எடுப்பது? எங்கள் கம்மாய்க்கரைத் தெருவில் எடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடப்போம். அதைத்தான் எடுக்கலாம். காலை ஏழு மணி லாரி பதினொன்றுக்கு வரும். மனசு இருந்தால் வரும். மூன்று வருஷமாக மனு கொடுக்கிறோம். கொடுத்த மனுவெல்லாம் பத்திரமாக இருக்கிறதாம்... ஆபீசில் சொன்னார்கள்.

"புதன்கிழமை காலையில எடுக்க வர்றேன். நீங்க பாட்டுக்கு எப்பவும் போல நில்லுங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

புதன் காலை போய்ப் பார்த்தால்... வரிசை முழுக்கப் பட்டுப்புடவை. நம் ஜனங்களுக்குக் கேமரா என்றால் கல்யாண வீடுதானே? எதிர்வீட்டு வேலம்மாள் தலை நிறையக் கனகாம்பரம். பிளாஸ்டிக் குடமெல்லாம் வீட்டுக்குள்ளே போய், சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் குடமெல்லாம் வெளியே வந்திருக்கிறது.

"அத்த, எப்பவும் போல நிக்கச் சொன்னேனே..."

"எப்பவும் போலத்தாண்டி நிக்கிறோம். என்ன, இன்னைக்குக் குளிச்சிருக்கோம்."

"குளிக்கத் தண்ணி ஏது?"

"உனக்காக ரெண்டு நாளா சேத்து வச்சோம்."

சுபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் ஒரு ஹாரன் சத்தம். லாரி. எத்தனை மணிக்கு? ஏழு மணிக்கு. ஏழு மணி லாரி... ஏழு மணிக்கு. கழுவித் துடைத்து, முன்னாலே மாலை போட்டு வருகிறது. முன்சீட்டிலிருந்து இறங்குகிறார் எங்கள் வார்டு மெம்பர், கஞ்சி போட்ட வேட்டியில். கேமரா வருகிற சேதி அவருக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். மனு போகாத வழியில் போயிருக்கிறது.

"எடும்மா, நல்லா எடு" என்று தன் கையாலேயே குழாயைப் பிடித்து வேலம்மாள் குடத்தில் தண்ணீர் விட்டார். குடம் நிறைந்தது... வழிந்தது... தெருவில் ஓடியது.

"மெம்பரய்யா, கொடத்தக் கொஞ்சம் பாருங்க."

எங்கே பார்ப்பது? அவர் பார்வைதான் கேமராவில் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள் பேத்தி. "காத்துக் கிடக்கிறத எடுக்கப் போனேன் ஆச்சி. இன்னைக்குன்னு பாத்து யாருமே காத்துக் கிடக்கல. என் சீட்டு போச்சு." மருமகன் ஆறுதலுக்கு, பி.எட். காலேஜுக்குப் போகிற பஸ் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வியாழன். யாரிடமும் சொல்லாமல் அதே இடத்தில் போய் நின்றாள். ஏழு ஆனது. எட்டு ஆனது. பத்தும் ஆனது. அதே வேலம்மாள்... நைட்டிக்கு மேலே துண்டு, காலடியில் பிளாஸ்டிக் குடம். லாரியும் இல்லை, மெம்பரும் இல்லை. வேலம்மாள் இவளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னைக்குமா எடுக்கிற? எடு, எடு. இன்னைக்கு இங்க என்ன இருக்கு?"

அந்தப் பேச்சோடு படத்தை முடித்தாள். புதனை முதலில் வைத்தாள், வியாழனை அடுத்து ஒட்டினாள், அனுப்பினாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வாத்தியார்கள். நடுவில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாராம்: "நடிப்பு கூடாதுன்னு போட்டிருந்தோமே. முதல் பாதியில எல்லாரும் நடிக்கிறாங்களே, யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல சார். கேமரா வருதுன்னு தெரிஞ்சா எங்க ஊர் அப்படித்தான் இருக்கும். நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்... மறுநாளும் போனேன்."

சீட்டு கிடைத்துவிட்டது. இப்போது மருமகன் டீக்கடையில் உட்கார்ந்து, "எம்பொண்ணுக்கு நாந்தான் தைரியம் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? பேத்தி பெருமை பேசவா? பாதி அதற்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி உங்களுக்கு. ரிப்பன் வெட்டுகிற நாளில் எந்தக் கட்டடம்தான் அழகாக இருக்காது? அதோ பாருங்கள், மேசை நிறையப் பேப்பர், தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. போன வருஷம் இதே கட்டடத்தை ஒரு தடவை திறந்தோமே, அன்றைக்கும் ஓடியது. வந்து பார்க்க வேண்டிய நாள் இன்றைக்கு இல்லையம்மா... நாளைக்கு. எல்லாரும் போன பிறகு, மாலை வாடின பிறகு, யாரும் கூப்பிடாமல் வந்து பார்க்கிறவர்களுக்குத்தான் உள்ளது தெரியும்.

போட்டோ எடுக்கிற தம்பி... என்னை எடுத்தது போதும். நாளைக் காலை பத்து மணிக்கு வா. யாரிடமும் சொல்லாமல் வா. இந்தக் கதவு திறந்திருந்தால் அந்தப் படத்தைத் தலைவரிடம் கொடு, ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டட்டும்.

பூட்டியிருந்தால் எங்களிடம் கொடு. அந்தப் பூட்டுக்கு மேலேயே நாங்கள் மாட்டிக்கொள்கிறோம்.