அரை இறாத்தல்

சீனாவின் பட்மின்டன் இரட்டையர் வீராங்கனை ஒருத்தியை, களத்தில் காலே வைக்காமல், ஒரு பந்துகூட அடிக்காமல், நிரந்தரமாகத் தோற்கடித்த ஒரே பென்ஷன்காரன் இந்த உலகத்தில் நான்தான். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. முழங்காலில் வாதம். தோற்கடித்த இடம், லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை.

நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. ஆறு வருஷமாக ஒருவரும் நம்பவில்லை, பழகிவிட்டது.

என் பெயர் அருட்பிரகாசம். கதை சொல்லும்போது எனக்கு மனசு கொஞ்சம் தாராளம். மன்னாரில் ஒரு முதலையின் வாய்க்குள் குடையை விரித்து வைத்துவிட்டு நான் தப்பி வந்த கதை எங்கள் பக்கத்தில் பிரசித்தம். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அதைத் தொடங்கினேன் என்றால், நிற்கிற அத்தனை பேருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். என் மனைவி பியற்றிஸ் தொடங்கவே விடமாட்டாள். "போன மாசம் குடை கறுப்பு. இண்டைக்குச் சிவப்போ?" என்பாள். கலியாணமான நாளிலிருந்து என் கதை ஒன்றை அவள் கடைசிவரை கேட்டதில்லை.

1987 செப்டெம்பரில் பெங் சியூலின் எங்கள் மேல்மாடி அறைக்குக் குடிவந்தாள். இங்கிலீஷ் படிக்க வந்த பிள்ளை, வயது இருபத்துமூன்று. எட்டு வயதில் விளையாட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். பதினொரு வயதில் ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். இரண்டு தட்டுக் கட்டிலில் மேலே இவள், கீழே அவள். பன்னிரண்டு வருஷம் சேர்ந்தே ஆடி மாகாணத்தில் முதலாவதாக வந்தார்கள். பிறகு தேசிய அணி வந்து பார்த்து, கீழ்த்தட்டுக்காரியை மட்டும் கூட்டிக்கொண்டு போனது. இரட்டையரில் ஒருத்தியை மட்டும் எடுப்பது, வாசலில் கிடக்கிற செருப்பில் ஒன்றை மட்டும் திருடுகிற மாதிரி. மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சியூலின் இரண்டு மட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டாள்.

பியற்றிஸ் என்னை "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. ஒரு வருஷம் என்னை அப்படியே கூப்பிட்டாள். அது புருஷனைக் கூப்பிடுகிற சொல் என்று தெரிந்த பிறகும் விடவில்லை, பின்னால் ஒரு "அங்கிள்" மட்டும் சேர்த்துக்கொண்டாள். அவளுடைய தமிழ் எங்கள் சமையலறையில் பொறுக்கியது. பயற்றங்காய் நறுக்கிப் போட்ட மாதிரித் துண்டு துண்டாக வரும்.

வந்த முதல் நாளே முதலைக் கதையைச் சொன்னேன். கண்ணை எடுக்காமல் முடிவுவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தக் குடை, திரும்பக் கிடைச்சதா?" என்றாள்.

அறுபத்தைந்து வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. குடை திரும்பக் கிடைத்த கதையை அன்றைக்கே உண்டாக்க வேண்டியதாயிற்று. அது முதலையைவிட நன்றாக வந்தது.

நான் அவளுக்கு இரண்டு உதவிகள் செய்தேன். வருஷத்துக்கு ஒருமுறை அவளுடைய விசாவுக்காக ஹோம் ஆபீசுக்கு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன். இந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறாள், இவளுக்கு நாங்கள் பொறுப்பு என்று. பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கதை சொல்வேன். அவள் எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பாள். இரண்டாவது உதவி, மட்டைக்கு நரம்பு கட்டிக் கொடுப்பது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி விளையாட்டு அறையில் பழகிய கை என்னுடையது. கவர்னருடைய மட்டைக்கே கட்டியிருக்கிறேன், அது வேறு கதை. மூடப்போன ஒரு விளையாட்டுக் கடையிலிருந்து நரம்பு கட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் பூட்டியிருந்தேன். ஒரு தண்டு, தண்டில் ஓர் எடை. எடையை வெளியே தள்ளத் தள்ள நரம்பு இறுகும். சியூலினுக்கு இருபத்தொரு இறாத்தல் இறுக்கம். கட்டி முடித்துக் கொடுத்தால், காதோடு வைத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். தலையை ஆட்டுவாள். சரி என்று அர்த்தம்.

வால்தம்ஸ்டோ கிளப்பில் கத்தரின் என்ற வெள்ளைக்காரப் பிள்ளை அவளுக்கு ஜோடியாகக் கிடைத்தாள். கத்தரின் வலைக்கு முன்னால் நிற்பாள். சியூலின் பின்னால் நின்று வானத்திலிருந்து அடிப்பாள். அவள் அடித்த பந்து ஒன்று நிலத்தைத் துளைத்துக்கொண்டு சீனாவுக்கே போய்விட்டது என்று நான் சொல்வதுண்டு. அது கொஞ்சம் கூடுதல். ஆனால் மூன்று வருஷம் அந்த ஜோடி கிழக்கு லண்டனில் தோற்கவில்லை, இது உண்மை. 1990 டிசம்பரில், நத்தாருக்கு முதல் வாரம், டென்மார்க்கிலிருந்து ஒரு கிளப் கடிதம் போட்டது. இரண்டு பேரும் செப்டெம்பரில் வரலாம், இரண்டு வருஷம் ஆடலாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு படியில் ஓடி வந்தாள். இருபத்தாறு வயதில் இப்படி ஒரு கதவு இனித் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். பியற்றிஸ் நண்டுக் கறி வைத்தாள். நான் வாழ்த்தினேன். டென்மார்க்கில் முதலை இல்லை என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

நான் நியாயமான மனிதன். அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கவில்லை. செப்டெம்பருக்குப் பிறகு குடையைப் பற்றி யார் கேட்பார் என்று மட்டும்தான் யோசித்தேன். தோளில் சின்ன நோவு. ஒரு வருஷத் தாமதம். அவ்வளவு போதும் என்று பட்டது.

ஜனவரியில் எடையை ஓர் அரிசி அளவு வெளியே தள்ளினேன். அரை இறாத்தல். நரம்பை இழுத்தது எடை, நானல்ல, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். சியூலின் நகத்தால் சுண்டினாள். கண் இமைக்கிற நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நன்றி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு அரை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இறுகிய நரம்பு பந்தைத் தூக்கிக் கொடுக்காது. பின்னால் நின்று அடிக்கிறவள் அந்தக் குறையைத் தன் தோளிலிருந்துதான் எடுக்க வேண்டும். முன்னால் நிற்கிற கத்தரினுக்கு ஒன்றும் தெரியாது. மாசியில் சியூலின் சோற்றை இடக்கையால் சாப்பிடத் தொடங்கினாள். பியற்றிஸ் தைலம் தேய்த்துவிட்டாள். ஒத்தடத்துக்குச் சுடுதண்ணீர் வைத்தது நான். பின்னேரம் ஒத்தடம், மறுநாள் காலையில் அரை இறாத்தல். இரண்டையும் அன்போடுதான் செய்தேன்.

பன்னிரண்டு வாரத்தில் ஆறு இறாத்தல் ஏறியிருந்தது. ஏப்ரலில் கிழக்கு லண்டன் போட்டியின் இறுதி ஆட்டம். அன்று காலையில் இரண்டாவது மட்டைக்கு மட்டும் முழுதாக ஓர் இறாத்தல் கூட்டினேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கை தானாகப் போய்விட்டது.

மூன்றாவது செட். பதின்மூன்றுக்குப் பதினொன்று, இவர்கள் முன்னுக்கு. சியூலினுடைய மட்டையில் நரம்பு அறுந்தது. அவள் ஓரத்துக்கு ஓடி வந்தாள். மட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இரண்டாவதை நீட்டினேன். அவள் அதைச் சுண்டவில்லை, கையில் வாங்கிச் சும்மா பார்த்தாள்.

"என்ன பிள்ளை?" என்றேன்.

"ஒண்டுமில்லை அங்கிள்," என்றாள்.

இரண்டு அடி அடித்தாள். மூன்றாவதுக்குக் கை மேலே போனது, திரும்பி வரவில்லை. ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மட்டை கீழே விழுந்தது. கத்தரின் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சியூலின் அழவில்லை. நான் மட்டையைப் பொறுக்கிப் பைக்குள் வைத்தேன்.

தோளை இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள். கை இன்றுவரை காதுக்கு மேலே போகாது. கத்தரின் செப்டெம்பரில் வேறொரு ஜோடியோடு டென்மார்க்குக்குப் போனாள். சியூலின் இரண்டாவது முறையும் ஒற்றைச் செருப்பு. இப்போது வால்தம்ஸ்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சேர்விஸ் போடப் பழக்குகிறாள். சேர்விஸ் இடுப்புக்குக் கீழே அடிப்பது. அதற்கு அந்தக் கை போதும்.

எனக்கும் மனச்சாட்சி உண்டு. இரண்டு வருஷம் பொறுத்தேன், பிறகு சொல்லத் தொடங்கினேன். முதலில் பியற்றிசிடம். "ஊசிக்கு நூல் கோக்கக் கண் தெரியாது, அரை இறாத்தல் அளக்கிறாராம்," என்று அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் ஐரிஷ்காரப் பாதரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "சென்ற தவக்காலத்தில் நீங்கள் ஒரு முதலைக்காகவும் வந்தீர்கள்," என்றார். பொய் சொன்னதற்கு அபராதமாக மூன்று 'அருள்நிறைந்த மரியாயே' செபம் கொடுத்தார். பொலிஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே ஒரு பெண் எனக்குத் தேநீர் தந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, பஸ் ஏற்றிவிட்டாள். நல்ல பிள்ளை. செய்யாததை எல்லாம் சொல்லித் திரிந்தவன், செய்ததைச் சொன்னால் ஊர் காதைக் கொடுக்காது. பூட்டிய கதவுக்குள் இருந்து தட்டுகிற மாதிரித்தான்.

1993 இல் சியூலினிடமே சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஏலாது அங்கிள். நரம்பு இறுகினால் என்ர காதுக்குத் தெரியும். எட்டு வயசிலை இருந்து கேக்கிறன்."

"உனக்குத் தெரியாமல்தான் செய்தனான்."

"ஏலாது," என்றாள் மறுபடியும். ஹோம் ஆபீஸ் கடிதத்தை என் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து தந்தாள். "குடைக் கதை சொல்லுங்கோ."

ஆறு வருஷம் வருஷத்துக்கு ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். ஆறு தரமும் ஏலாது என்றாள். மற்றவர்கள் நம்பாதது போகட்டும். எதையும் நம்புகிற அவளே நம்பாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிறு, 1999 இன் கடைசி மாசத்தில், கேக் ஒன்றோடு சமையலறைக்கு வந்தாள். பியற்றிஸ் அடுப்படியில் நின்றாள். நான் மன்னாரைத் தொடங்கினேன். சியூலின் இடக்கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

"இஞ்சேருங்கோ அங்கிள், நேற்று பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தது."

"நல்லது பிள்ளை. இனி என்ர கையெழுத்து வேண்டாம்."

"ஓம். இனி வேண்டாம்."

எழுந்து போய், இயந்திரத்துக்கு மேலே ஆணியில் தொங்கிய அந்த இரண்டாவது மட்டையை எடுத்தாள். காதோடு வைத்து நகத்தால் சுண்டினாள்.

"இப்ப தளர்ந்திட்டுது. அண்டைக்கு இருபத்தெட்டு. முதல் அடியிலையே கேட்டது."

அந்த எண்ணை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பாதருக்குக்கூட.

"முதல் அரை இறாத்தலும் தெரியும்," என்றாள். "ஒவ்வொரு அரையும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அடிச்சனீ?"

"வேறை வீடு இல்லை. வேறை கையெழுத்து இல்லை."

பியற்றிஸ் அடுப்பை அணைத்தாள். "பிள்ளை, இந்த மனுசன்ரை கதையை நீயும் நம்பிறியோ?" என்றாள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்டாயா என்பதுபோல மனைவியைப் பார்த்தேன்.

சியூலின் மட்டையை என் மடியில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் பியற்றிசுக்குத்தான் சொன்னாள்.

"முதலை பொய், அன்ரி. குடையும் பொய். முதல் நாளே தெரியும். இது நடந்தது."