கண்ணு திறந்த போட்டோ

அட, பையைக் கீழ வெச்சிருங்க சார். உங்க ரெண்டு கையும் எனக்கு வேணும். எதுக்கா? சொல்றேன். இப்ப சிறந்த வில்லன் விருது முடிஞ்சதும், இந்த வருஷம் போய்ச் சேந்த சினிமாக்காரங்களுக்கு அஞ்சலி வீடியோ போடுவாங்க. அதுல எங்கப்பா வர்றாரு.

ஐயோ, மொகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. செத்துச் செத்தே எங்களை வளத்தவரு அவரு. நெசமாத்தான். சினிமாவுல பொணம். ஆமா, வேஷமே அதான். கூட்டத்துல ஒருத்தரா நிக்கப் போனாரு. பொணமா நடிக்கறவரு அன்னிக்கு வரல, நீ படுன்னாங்க. அதோட எழுந்திரிக்கவே இல்ல. ஈ மூக்கு மேல நடந்தாலும் அசைய மாட்டாரு. வீட்லயும் அதே வித்தைதான். அம்மா திட்ட ஆரம்பிச்சா பொட்டுனு படுத்துருவாரு.

முன்வரிசையில கூலிங் கிளாஸ் தெரியுதா? போன வருஷம் சிறந்த நடிகர். எங்கப்பா நெஞ்சுல விழுந்து அழுதுதான் அந்த விருதே. மேடையேறி டைரக்டருக்கு நன்றி, சமையக்காரருக்கு நன்றி, வளக்கற நாய்க்கு நன்றி. பொணத்துக்கு? மூச்! அப்பா டிவி முன்னாடி நாய் வரைக்கும் காத்திருந்து பாத்துட்டு, படுக்கப் போயிட்டாரு.

எப்படிப் போனாரா? தூக்கத்துலதான். காலையில அம்மா தோளைப் புடிச்சு உலுக்கி, போதும் எந்திரிங்க, கட் சொல்லியாச்சுன்னா. ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டே இருந்தா.

சரி, அதை விடுங்க.

அப்புறம் இந்த அஞ்சலி வீடியோவுக்கு நடிகர் சங்கத்துல ஒரு போட்டோ கேட்டாங்க. அங்கதான் வந்துது வினை. ஒரு போட்டோலகூட அவருக்குக் கண்ணு திறந்திருக்காது சார். கேமராவைப் பாத்தா தானா மூடிக்கும், தொழில் அப்படி. என் கல்யாண ஆல்பத்தைப் பாத்தவங்கல்லாம் ஏன் உங்கப்பா நின்னுக்கிட்டே தூங்கறாருன்னு கேட்டாங்க. அடையாள அட்டையில மட்டும் அரைக்கண்ணு திறந்திருக்கு, அதுவும் தபால்தலை சைஸு, பெருசு பண்ணினா கரித்துண்டு மாதிரி வருது.

செயலாளரு, மூடின கண்ணு வேணாம், அபசகுனம்னுட்டாரு. அஞ்சலி வீடியோவுல செத்த மாதிரி இருக்கக் கூடாதாம்! திறந்த கண்ணு இல்லேன்னா பேரையே எடுத்துருவோம்னாரு.

குடுத்தேன் சார். குடுக்காமலா இங்க வந்து உக்காந்திருக்கேன்?

ஆனா இங்க ஒரு பழக்கம் பாருங்க. தெரிஞ்ச மொகம் வந்தா கூரை இடியற மாதிரி தட்டுவாங்க. தெரியாத மொகம் வந்தா தண்ணி பாட்டிலைத் தேடுவாங்க. அதான் உங்களைக் கேட்டேன். முன்சீட்டு அக்காகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். வீட்ல அம்மா டிவியைப் பாத்துக்கிட்டு இருப்பா.

தோ, லைட்டு அணைச்சாச்சு. இவரு இல்ல, இவரு பாட்டு எழுதினவரு. இந்தம்மா... ம்ம், என்னமா தட்டறாங்க பாருங்க. அடுத்து... அதான்! தட்டுங்க சார்! அக்கா, தட்டுங்கக்கா! பலமா!

என்ன சார், கையை நிறுத்திட்டு என்னையே பாக்கறீங்க?

ஆமா, அந்தப் போட்டோல இருக்கறது நான்தான். மீசை அம்மா கண்மையில வரைஞ்சது, நரைக்குக் கொஞ்சம் பவுடர். சட்டை மட்டும் அவரோடது. எடுத்து முடிச்சு அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, இப்பத்தான் மனுஷன் என்னை நேரா பாக்கறாருன்னா.

நீங்க தட்டுங்க சார். நானே தட்டினா நல்லா இருக்காது.