சீல் பிரிக்காத பெட்டி

டேப்லெட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள், ஐயா. சிம் போடலாமா, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், பேனா கூடவே வருமா, பிள்ளைகள் கண்டதையும் பார்க்காமல் பூட்டுப் போட முடியுமா. கடைசியில் குரலைத் தாழ்த்தி, சீல் பிரிக்காததுதானே என்பார்கள். கவுண்டரில் நின்ற மூன்று வருடத்தில் யாரிடமும் நான் சலித்துக்கொண்டதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன். அதனால்தான் ஜனங்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

அதற்கு முன் பதினோரு வருடம் அதே கடையின் குடோனில் சுமை தூக்கினேன். ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறியவனுக்குத்தான் கவுண்டரின் அருமை தெரியும். இடுப்பு விட்டுப்போய், குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் ஆனபோதுதான் மேனேஜர் என்னை மேலே ஏற்றினார். ஏற்றும்போதே சொன்னார்: "திரும்பி வர்ற சாமானைப் பிரிச்சுப் பார்க்காம வாங்கினா மறுபடி குடோன்தான். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக்கூடாது."

போன மாதம் ஒருவர் டேப்லெட் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்தார். உறையோடு வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு உறையைக் கழற்றினால், பேட்டரி உப்பி, கண்ணாடி ஒரு மூலையில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருக்கிறது.

பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவனிடம் காட்டினேன். டாக்டர் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம்.

"அண்ணே, இது நிறைமாசம்," என்றான். "மணல் வாளியில போட்டு மூடுங்க. சார்ஜ் ஏத்தினீங்கன்னா வெடிச்சிரும்."

சரி என்றேன்.

மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் குடோன். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூட நான் தாங்கமாட்டேன். அதனால் மூலையில் பசை தடவி, இரண்டு நாள் கனமான பெட்டிகளின் அடியில் வைத்து அழுத்தினேன். பிறகு புதுப் பெட்டியில் போட்டுக் கண்ணாடித் தாளைச் சுற்றினேன். தாள் இறுகிப் பிடிக்க ஹேர் டிரையர் போதும்.

தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்த அக்கா டேப்லெட் வாங்கத் தன் மகளோடு வந்தார். மகளுக்கு எட்டு வயது இருக்கும்.

"டேப்லெட்னா மாத்திரைதானே மாமா?" என்றது குழந்தை. "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சும்மா இருடி. வாய் மட்டும் இல்லேன்னா உன்னைக் காக்கா தூக்கிட்டுப் போயிரும்," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடம் லீவு தம்பி. நான் ஷிப்டுக்குப் போனா இவளை உள்ள வச்சு வெளியே பூட்டிட்டுப் போறேன். வேற ஆள் இல்ல. இதாவது துணைக்கு இருக்கட்டும். சார்ஜ் போட்டுக்கிட்டே பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா பார்க்கலாம்க்கா."

இதுவும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். எல்லோருக்கும் சொல்கிற பதிலைத்தான் அவருக்கும் சொன்னேன்.

"சீல் பிரிக்காததுதானே?"

"உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன் பாருங்க."

பிரித்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? அந்த மூலையில் கட்டைவிரலை வைத்து மறைத்தபடி வெளியே எடுத்து, தடித்த ரப்பர் உறை ஒன்றை இலவசமாக மாட்டிவிட்டேன். "இதைக் கழட்டவே கூடாது, சரியா குட்டி?" என்றேன். "சரி மாமா" என்றது. சொன்னபடி கேட்கிற பிள்ளை. கடைசிவரை கழற்றவில்லை என்று உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

பன்னிரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சும்மா பயமுறுத்தியிருக்கிறான் என்றுகூட நினைத்தேன். பதின்மூன்றாம் நாள் மதியம், பஞ்சு மெத்தையின் மேல், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது வெடித்தது. அக்கம்பக்கத்தார் பூட்டை உடைக்கக் கடப்பாரை தேடியிருக்கிறார்கள். கிடைக்க நேரமாகியிருக்கிறது. அந்தக் கதவைப் பூட்டியது நான் இல்லை, ஐயா.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "கடைத் தம்பி வந்திருக்கு பாருங்க," என்று எல்லோரிடமும் சொன்னார். தூக்க ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கனமில்லாத பெட்டியைத் தூக்கியதில்லை. இடுப்பு வலிக்கவே இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். உப்பியது தெரியும், வெடிக்கும் என்று தெரியும், குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள் என்று தெரியும். தெரிந்துதான் விற்றேன். ஆனால் கேட்டதற்குப் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

டேப்லெட் வாங்கிய அன்றைக்கு, கடை வாசல் வரை போன அக்கா திரும்பி வந்து ஒன்று கேட்டார். மூன்று வருடத்தில் வேறு யாரும் கேட்காத கேள்வி.

"தம்பி, உங்க வீட்டுப் புள்ளைக்கு இதை வாங்கிக் குடுப்பீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன்க்கா," என்றேன்.

எனக்குப் பிள்ளை இல்லை, ஐயா. அதனால் அதையும் பொய்யில் சேர்க்க முடியாது.